சிஞ்ஞோர் சாரோவின் கதிரை

சிஞ்ஞோர் சாரோ போய்விட்டார். இன்று மாலை அம்மா பலெர்மோவிலிருந்து போன் செய்து சொன்னார்.

நல்லதை மட்டும் எழுதினால் அது அவராக இருக்காது. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

தொண்ணூறுகளில் இத்தாலியில், பலெர்மோவின் சீசா என்ற பகுதியில் எங்கள் வீடு தரைமட்டத்தில், ஒரே அறை. எதிரே சாரோவின் மரக்கறிக் கடை. சிஞ்ஞோர் என்றால் அங்கே ஐயா.

குடிவந்த அன்று வாசலில் ஒரு நீலக் கதிரை இருந்தது. புதிதாக வந்தவர்களுக்கு யாரோ அன்பாகப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அம்மா நினைத்தார். அதில் போய் இருந்துவிட்டார்.

சாரோ தன் மூன்று சக்கர வண்டியில் வந்து ஹோர்ன் அடித்தார். அம்மா சிரித்துத் தலையாட்டினார். மறுபடியும் ஹோர்ன்... அம்மா மறுபடியும் சிரித்தார்.

பால்கனிகளில் ஒரே சிரிப்பு. மேல்மாடியில் இருந்த கொஞ்செத்தா மாமிதான் கீழே குனிந்து எனக்கு இத்தாலிய மொழியில் விளக்கினார்.

"அம்மா, எழும்புங்கோ. அது இருக்கிற கதிரை இல்லையாம். அவர் வண்டி விடுறதுக்குக் கதிரை போட்டுப் பிடிச்சு வச்ச இடமாம்" என்றேன்.

"கதிரையிலை இருக்காமல் வேறென்ன செய்யிறது?" என்றபடி அம்மா எழுந்தார். போகும்போது கதிரையைத் துடைத்தும் வைத்தார்.

அந்த இலையுதிர் காலத்தில் மழை வீட்டுக்குள் வந்தது. கட்டில் கால் முழுக்கத் தண்ணீர். என் வரலாற்றுப் புத்தகம் ஊதிப் பெருத்துக் கொடியில் தொங்கியது... நான் அதற்காகத்தான் அதிகம் அழுதேன்.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். இன்னொரு தடவை தண்ணீர் ஏறினால் வீட்டைப் பூட்டிவிடுவேன், வேறு இடம் பாருங்கள் என்றார். எங்களுக்கு வேறு இடம் யார் தருவார்கள்?

மூன்றாம் மாடியில் மார்த்தா என்றொரு கட்டடக் கலைஞர் இருந்தார். அவர் ஒரு பிளான் வரைந்தார். தெருவோரத்துத் தாரைப் பெயர்த்து, தெருவைவிடத் தாழ்வாகப் பள்ளம் வெட்டி, அடியில் சரளைக்கல், மேலே மண். அதில் நாணலும் அரளியும். தெருவோரக் கரைக்கல்லில் இடைவெளி விட்டால் மழைத்தண்ணீர் வீட்டைத் தேடி வராமல் அதற்குள் இறங்கிவிடும்.

நகராட்சி சரி என்றது. தெருவார் எல்லாரும் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாரும் சம்மதித்தார்கள். சாரோ மட்டும் இல்லை. தெருவிலேயே ஆகத் தாழ்ந்த இடம், தண்ணீர் இறங்க வேண்டிய இடம்... அந்த நீலக் கதிரை இருந்த இடம்தான்.

"என்ரை வண்டியை என்ன பால்கனியிலையோ ஏத்துறது?" என்று கத்தினார். "தண்ணி வந்தால் கட்டிலிலை ஏறிப் படுக்கச் சொல்லு உன்ரை கொம்மாவை!"

நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

அடுத்த நாள் வேலையால் வந்த அம்மா, சாரோவின் கடையிலேயே ஒரு கட்டுச் சுரைக்கொடித் தளிர் வாங்கினார். வெளியே வந்து, அந்த நீலக் கதிரையில் இருந்து, ஆயத் தொடங்கினார்.

நான் ஓடிப்போனேன். "அம்மா, அது வண்டி விடுற இடம்!"

"ஓம், தெரியும். தெரிஞ்சுதான் இருக்கிறன்."

சாரோ வண்டியோடு வந்தார். ஹோர்ன் அடித்தார். அம்மா இலை ஆய்ந்தார்.

"சிஞ்ஞோரா! எழும்பு!"

"நான் எழும்பினால் தண்ணி எழும்பும் எண்டு சொல்லு பிள்ளை."

சொன்னேன். பால்கனிகளில் இந்தத் தடவை சிரிப்பு இல்லை. கொஞ்செத்தா மாமி தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். "எனக்கும் கொஞ்சம் தா, ஆய்ஞ்சு தாறன்" என்று அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டார்.

ஒரு கிழமைக்குள் அங்கே கதிரைகள் கூடிவிட்டன. அதுவரை ஒருவருக்கொருவர் பெயர் தெரியாமல் இருந்தவர்கள்... ஒருவர் அவரைக்காய் உரித்தார், ஒருவர் பின்னினார், ஒருவர் கதைக்க மட்டும் வந்தார். நான் வீட்டுப்பாடம் செய்தேன். சாரோ பக்கத்துத் தெருவில் வண்டியை விட்டு, பெட்டிகளைத் தோளில் சுமந்து வந்தார், திட்டித் திட்டி.

ஒருநாள் அம்மாவின் முன்னால் வந்து நின்றார். "என்ரை கதிரையைத் தா."

அம்மா எழுந்து கொடுத்தார். கொடுக்கத்தானே வேண்டும், அது அவருடையது.

அவர் அதை வண்டி விடும் இடத்திலிருந்து தூக்கி நடைபாதையில் வைத்து, தானே இருந்தார். மூன்றாம் மாடி மார்த்தாவை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: "எவ்வளவு ஆழம் வெட்டப் போறியள்?"

மன்னிப்பு, சமாதானம், எதுவும் இல்லை.

பள்ளம் வெட்டி, நாணல் நட்டு, முதல் மழை வந்தபோது நான் பள்ளிக்கூடத்தால் ஓடி வந்தேன். புத்தகங்களை அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டு வாசலில் நின்றேன். தண்ணீர் தெருவில் உருண்டு வந்தது... கரைக்கல்லின் இடைவெளியில் திரும்பியது... பிறகு அடைத்து நின்றது.

இலைகள்!

சாரோ கடையிலிருந்து தடியோடு ஓடி வந்தார். கிளறினார், கெட்ட வார்த்தையில் திட்டினார். தண்ணீர் உள்ளே இறங்கியது. எங்கள் வாசற்படி காய்ந்தே இருந்தது.

"பார், இந்தத் தமிழர் எனக்கு என்ன வேலை வச்சிருக்கினம்!" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார்.

அதன் பிறகு ஒவ்வொரு மழைக்கும் அந்தத் தடியும் அந்தத் திட்டும்தான். அந்த வீட்டிலிருந்துதான் நான் பள்ளிக்கூடம் படித்து முடித்தேன். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

இன்று போனில் மழைச் சத்தம் கேட்டது. "எங்கை நிக்கிறியள் அம்மா?"

"வெளியிலைதான், சாரோவின்ரை கதிரைக்குப் பக்கத்திலை. இலை அடைச்சிட்டுது, அவரின்ரை தடியாலை எடுத்துவிடுறன். பொறு..."

நான் பொறுத்திருந்தேன். தண்ணீர் இறங்கும் சத்தம் எனக்கே கேட்டது.

போய் வாருங்கள், சிஞ்ஞோர் சாரோ. உங்கள் கதிரையை யாரும் உள்ளே எடுக்கவில்லை.

"அவரின்ரை மகள் இப்பதான் கடை லைற்றை அணைச்சவள்" என்றார் அம்மா.