வெயிலில் உலை வைத்தவர்

கெடார் சுற்றுவட்டாரத்தில் கிணற்றடி இன்ஜின் மக்கர் பண்ணினால் மெக்கானிக் விருத்தாசலத்தைத் தேடித்தான் ஆள் வரும். அவருக்குச் சொந்தமாக ஒரு காணி நிலம் இருந்தது. மல்லாட்டை என்கிற நிலக்கடலை, கேப்பை என்று மாற்றி மாற்றிப் போடுவார். ஆனாலும் அவர் மனசெல்லாம் இன்ஜின் மேல்தான். வீட்டுக்குப் பக்கத்தில் ஓடு போட்ட ஒரு கொட்டகை. அதில் பழைய பிஸ்டன், சைலென்சர் குழாய், நட்டு போல்ட்டு என்று குவித்து வைத்திருப்பார். நடு ராத்திரியில் எழுப்பினால்கூட எந்தச் சாமான் எந்த மூலையில் கிடக்கிறது என்று சொல்லிவிடுவார். உப்பு எந்த ஜாடியில் இருக்கிறது என்று கேட்டால்தான் தெரியாது. தண்ணீரைக்கூட அவர் தானாக மொண்டு குடித்ததில்லை. கேட்கும் முன்னே மனைவி தைலம்மாள் சொம்போடு வந்து நிற்பாள்.

சமையல் நடந்தது வீட்டோடு ஒட்டிய சாய்ப்பில். கூரை தாழ்ந்து இருக்கும், ஜன்னல் கிடையாது. மல்லாட்டை உரித்த தொல்லி, கரும்புச் சோகை, வேலிகாத்தான் முள் என்று கிடைத்ததை எரிப்பார்கள். மழைக்காலத்தில் ஈரச் சவுக்கு மிளார்ச் சுள்ளியை ஊதி ஊதியே தைலம்மாளுக்குக் கண் சிவந்துவிடும். இருமல் எப்போது தொடங்கியது என்று அவளுக்கே நினைவில்லை. முதலில் பனிக்காலத்தில் மட்டும் வந்தது. பிறகு எல்லாக் காலத்திலும் வந்தது. கடைசியில் படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

எண்பத்து நான்காம் வருஷம் மாசி மாதம், ஒரு சாயங்காலம், அடுப்புக்கு முன்னால் அவள் மயங்கி விழுந்தாள். எட்டாவது படித்துக்கொண்டிருந்த மகள் ஜெயம்தான் அவளை வெளியே இழுத்துப் போட்டாள். மறுநாள் முதல் பஸ்ஸில் விருத்தாசலம் மனைவியை விழுப்புரத்துக்கு அழைத்துப்போனார்.

எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா டி.பி. இல்லை என்றதும் விருத்தாசலத்துக்குப் பாதி உயிர் வந்தது.

"புகைதான்" என்றார் டாக்டரம்மா. "பீடி பிடிக்கறவங்களுக்குக்கூட இவ்வளவு மோசமா இருக்காது. மருந்து எழுதித் தர்றேன். ஆனா இனிமே இவங்க அடுப்புப் பக்கம் போகவே கூடாது. போனா மருந்தும் வேலை செய்யாது."

பஸ்ஸில் திரும்பினார்கள். ஊர் நெருங்கும்போது தைலம்மாள் மெல்லக் கேட்டாள்.

"ஏங்க, அப்ப யாரு சோறாக்கறது?"



திண்டிவனத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய அக்காள் குப்பம்மாள் வந்து ஒத்தாசையாக இருந்தாள். ஆனால் அவளுக்கும் மாடு கன்று இருக்கிறது, பேரப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"நான் எத்தினி நாளைக்குடா இங்கயே குந்திக்கினு இருக்கறது?" என்றாள் ஒரு நாள். "பொட்டப்புள்ள இருக்குது இல்ல. இஸ்கோலை நிறுத்திடு. பெரிய பரீட்சை எழுதி என்னா ஆவப்போவுது? நாளைக்குப் போற எடத்துல சோறாக்கத் தெரியாம நிக்கப் போறாளா?"

விருத்தாசலம் மகளை நிறுத்தவில்லை. ஆனால் ஜெயமே பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டுச் சாய்ப்புக்குள் போக ஆரம்பித்தாள். ஒரு நாள் அவர் கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது அவள் வெளியே வந்து பாவாடை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து இருமினாள். சின்ன இருமல்தான். விருத்தாசலத்தின் கையிலிருந்த ஸ்பானர் அப்படியே நின்றது.

அந்த வாரம் பேரிங் வாங்க விழுப்புரம் போனவர், வழியில் அரசாங்கப் பொருட்காட்சி ஒன்று நடப்பதைப் பார்த்து உள்ளே நுழைந்தார். பம்ப்செட் ஏதாவது புதுசாக வந்திருக்கும் என்ற நினைப்பு. ஒரு கடையின் முன்னால், வெட்டவெளியில், பெரிய தகரப் பெட்டி மாதிரி ஒன்று இருந்தது. அதன் மூடியில் நிலைக்கண்ணாடி பதித்துச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒருவர் பெட்டியைத் திறந்து கறுப்புப் பூசிய அலுமினியப் பாத்திரத்தை வெளியே எடுத்தார். மூடியைத் தூக்கியதும் ஆவி அடித்தது. உள்ளே சோறு.

விருத்தாசலம் பெட்டியின் பக்கவாட்டில் கை வைத்துப் பார்த்தார். சூடே இல்லை.

"உள்ள கொதிக்குது, வெளிய சும்மா இருக்குதே. நடுவுல என்னா வெச்சிருக்கீங்க?"

"கண்ணாடிப் பஞ்சுங்க. சூடு வெளிய போகாது."

"மேல கண்ணாடி ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு. வெயில் உள்ள போகும், சூடு திரும்பாது."

அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கொட்டகையில் உதிரிக்காக வைத்திருந்த பழைய இன்ஜின் ஒன்றை விற்றார். அடுத்த நடையில் பெட்டி பஸ் கூரை மேல் ஏறிக் கெடாருக்கு வந்துவிட்டது.

முதல் நாள் தெருவே கூடிவிட்டது. அவர் பாதிப் பகல் போன பிறகுதான் அரிசியை வைத்தார். அரைமணிக்கு ஒரு தரம் திறந்து திறந்து பார்த்தார். பொழுது சாயும்போது எடுத்த சோறு மேலே குழைந்தும் அடியில் நறநறவென்றும் இருந்தது.

"வெயில்ல வடாம் காயும். சோறு வேவுமாடா?" என்றாள் குப்பம்மாள்.

கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் இருந்த தைலம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"எத்தினி தண்ணி வெச்சீங்க?"

"எனக்கென்னா தெரியும்? நீ பானையில வைக்கற மாதிரி நெறைய வெச்சேன்."

"பானைன்னா கஞ்சி வடிப்பேன். இதுல வடிக்கறது எங்க? ஆவியும் வெளிய போவலை. பாதித் தண்ணி போதும். அரிசியை முன்னாடியே ஊற வையுங்க. சும்மா சும்மா தொறக்காதீங்க. தொறந்தா சூடு போயிடாதா?"

மறுநாள் வெயில் ஏறும்போதே வைத்தார். பெட்டியைப் பழைய இன்ஜின் தள்ளுவண்டி மேல் ஏற்றியிருந்ததால் சூரியன் நகர நகரத் திருப்ப முடிந்தது. உச்சி வெயிலில் திறந்தபோது சோறு மல்லிகை மொட்டு மாதிரி பூத்திருந்தது. ஆவியில் விரலைச் சுட்டுக்கொண்டார். அதை யாரிடமும் சொல்லவில்லை. பருப்பும் வெந்திருந்தது.

ஜெயம் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு யோசித்தாள். "சோத்துல என்னமோ கொறையுது, நைனா."

"பொகை வாசனை" என்றாள் தைலம்மாள்.

அப்படித் தொடங்கியது. கட்டிலில் இருந்தபடி தைலம்மாள் சொல்வாள், அவர் செய்வார். அந்தப் பெட்டியில் கேப்பைக் களி கிண்ட முடியாது. தாளிக்கவும் முடியாது. தாளிப்பை மட்டும் வாசலில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ஜெயம் நொடியில் முடித்துவிடுவாள். பூசணிக்காய், கீரை, முட்டை, பச்சை மல்லாட்டை எல்லாம் பெட்டியிலேயே வெந்தன. ராத்திரிச் சாப்பாட்டுக்காகப் பாத்திரத்தை வைக்கோலும் கோணியும் சுற்றி வைத்தார்கள். விளக்கு வைத்த பிறகும் சூடு இருந்தது.

பக்கத்து வீட்டுப் பங்காளி அரசப்பனுக்கு இது பொறுக்கவில்லை.

"என்னா பங்காளி, பொம்பள வேலையைக் கையில எடுத்துக்கினே போலருக்கு?"

"மெஷின் ஓட்டிக்கினு இருக்கேன்" என்றார் விருத்தாசலம். "நீ வேணா வந்து ஓட்டிப் பாரு."

அது நல்ல பதிலாக அமைந்துவிட்டது. இன்ஜின் மெக்கானிக் ஒரு மெஷினைப் பார்த்துக்கொள்வதில் யாருக்கும் குறை சொல்லத் தோன்றவில்லை. அவருக்கும் அது சௌகரியமாக இருந்தது. பெட்டி வாசலில் இருந்தது. அடுப்படிக்குள் அவர் கால் வைக்கவில்லை. தைலம்மாளுக்கு இது புரிந்தது.

ஐப்பசியில் வானம் மூடிக்கொண்டது. கடலோரம் புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னார்கள். விடாத மழை. பெட்டியின் மேல் தார்ப்பாயைப் போட்டுக் கட்டினார். முதல் நாள் கடையில் பன்னும் டீயும் வாங்கிச் சமாளித்தார்கள். இரண்டாம் நாள் கடையே திறக்கவில்லை, ஸ்டவ்வுக்கான ரேஷன் மண்ணெண்ணெயும் தீர்ந்திருந்தது. தைலம்மாளைப் பார்க்க மறுபடி வந்து மழையில் மாட்டிக்கொண்டிருந்த குப்பம்மாளுக்கு வேறு காய்ச்சல். போர்வைக்குள்ளிருந்தே அவள் பழைய பேச்சை எடுத்தாள்.

"அன்னிக்கே சொன்னேன். பொட்டி இருந்தா போதும்னு குதிச்சியே. இப்ப பாரு. அந்தப் புள்ளைய வூட்டோட வெச்சிக்கடா."

மூலையில் படித்துக்கொண்டிருந்த ஜெயம் புத்தகத்தை மூடினாள். மாடத்திலிருந்த தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு சாய்ப்புப் பக்கம் நடந்தாள்.

விருத்தாசலம் எழுந்து போய் அவள் கையிலிருந்து தீப்பெட்டியை வாங்கினார்.

"நீ போய்ப் படி."

"நைனா, உனக்குப் பத்த வைக்கத் தெரியாது."

"தெரிஞ்சிக்கறேன். போ."

தலையைக் குனிந்து சாய்ப்புக்குள் நுழைந்தார். மிளார் ஈரமாக இருந்தது. எரியாமல் புகைந்தது. ஊதினார், புகை திரும்பி முகத்தில் அடித்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது, தொண்டை எரிந்தது. உலை காய்வதற்குள்ளேயே வெளியே ஓடிவந்து மழையில் நின்றார். டீசல் புகையிலேயே வளர்ந்தவர்தான். ஆனால் அது திறந்தவெளியில், காற்றோடு போகிற புகை. சாய்ப்பில் புகைக்குப் போக இடம் இல்லை.

ஈரம் சொட்டச் சொட்ட உள்ளே வந்து தைலம்மாளின் கட்டிலருகே நின்றார்.

"இதுலயா இத்தினி வருசமா குந்திக்கினு இருந்தே?"

அவள் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"ஏன் சொல்லலை?"

"என்னத்தைச் சொல்றது? எல்லா வூட்லயும் இதானேங்க."

அவர் தலையைத் துவட்டினார். பிறகு கொட்டகைக்குப் போனார். இடுப்பு உயரத்துக்குக் கல் அடுக்கினார். களிமண் குழைத்து அடுப்பு போட்டார். அடுப்பின் பின்பக்கம் துளைவிட்டு, பழைய இன்ஜின்களின் புகைக் குழாய்களை ஒன்றோடொன்று சேர்த்து, ஓட்டைப் பிரித்துக் கூரைக்கு மேலே நீட்டினார். இன்ஜினுக்குப் புகைபோக்கி இல்லாமல் யாராவது கொட்டகைக்குள் வைத்து ஓட்டினால் அவரே திட்டியிருப்பார். வீட்டு அடுப்புக்கு அப்படி ஒன்று வேண்டும் என்று இத்தனை காலம் தோன்றாதது அவருக்கே வெட்கமாக இருந்தது.

களிமண் காய்வதற்குள்ளேயே பற்ற வைத்தார். கொஞ்சம் புகை உள்ளே வந்தது. மீதி குழாய் வழியாக மேலே போனது. நின்றுகொண்டே உலை வைத்தார். கொட்டகைக்கு மூன்று பக்கம்தான் சுவர். தெருவிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு வந்த அரசப்பன் நின்று பார்த்தார்.

"இது எந்த மெஷினு, பங்காளி?"

விருத்தாசலம் கரண்டியை விடவில்லை.

"மெஷின் இல்லை. அடுப்புதான். சோறாக்கிக்கினு இருக்கேன்."

அரசப்பன் சிரிக்கத்தான் வாயெடுத்தார். ஆனால் சிரிக்கவில்லை. கூரைக்கு மேலே போகிற புகையைக் கொஞ்சநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"எங்க வூட்லயும் ராத்திரியெல்லாம் இருமறா" என்றார். "இந்தக் குழாயி இன்னும் இருக்குதா?"

மழை விட்டதும் இருவரும் சேர்ந்து அரசப்பன் வீட்டுக்கு ஒன்று போட்டார்கள். அதைப் பார்த்து இன்னும் சிலர் கேட்டார்கள். இன்ஜின் குழாய் தீர்ந்ததும் தகரத்தை உருட்டிச் செய்தார். வெயில் பெட்டியும் ஊருக்குள் மேலும் இரண்டு வந்தன. ஒரு வீட்டில் நன்றாக ஓடியது. இன்னொரு வீட்டில் அதில் கேப்பை கொட்டி வைத்தார்கள். விருத்தாசலத்தின் பெட்டிக் கண்ணாடியை ஒரு நாள் ஆடு ஏறி உடைத்தது. விழுப்புரத்தில் சலூன் கண்ணாடி விற்கும் கடையில் வேறு வாங்கி மாட்டினார். வெயில் இருக்கும் மாதங்களில் பெட்டி, இல்லாதபோது குழாய் அடுப்பு என்று ஆகிவிட்டது. சாய்ப்பில் ஆட்டைக் கட்டினார்கள்.

தை மாதம் ஒரு ராத்திரி தைலம்மாள் தலையணையில் தலை வைத்துப் படுத்தாள். விடிந்த பிறகுதான், மல்லாந்து தூங்கியிருக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. இருமல் முழுசாக ஒருபோதும் போகவில்லை. பனிக்காலத்தில் தலைகாட்டும். ஆனால் தெருமுனை வரை நடந்தாள். பிறகு கிணறு வரை நடந்தாள். மறு வருஷம் களையெடுக்கப் போனாள்.

ஜெயம் பத்தாவது முடித்தாள், பிறகு பன்னிரண்டாவதும் முடித்தாள். டீச்சர் டிரெய்னிங் படிக்கத் திண்டிவனத்தில் இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டுவர விருத்தாசலம்தான் போனார். குப்பம்மாள் தன் வீட்டிலிருந்து ஒரு டின் முறுக்குச் சுட்டு ஹாஸ்டலுக்கே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"நல்லா படிடி" என்றாள்.

அந்த வருஷம் மல்லாட்டை நன்றாகக் காய்த்திருந்தது. பிடுங்குகிற அன்று தைலம்மாள் விடிகாலையிலேயே மல்லாட்டைக் கொல்லைக்குப் போய்விட்டாள். செடியை உலுக்கிக் காய் ஆய்கிற பெண்களோடு வரப்பு நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். உச்சி வெயிலில் விருத்தாசலம் தலையில் துண்டைச் சும்மாடு கட்டி, அதன் மேல் சோற்றுத் தூக்கோடு, கையில் குழம்புச் சட்டியோடு வரப்பில் வந்தார். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளாமல் இலையைப் போட்டு எல்லோருக்கும் பரிமாறினார். பிறகு மனைவிக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

தைலம்மாள் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொழம்புல உப்பு தூக்கலா இருக்குது" என்றாள்.

"நாளைக்குக் கொறைச்சிப் போடறேன்" என்றார் அவர்.

அவள் இன்னொரு கை சோறு வாங்கிக்கொண்டாள்.