முகம் விழாத படம்

இருபத்தைந்து வயதில் எனக்குக் கேமரா பித்துப் பிடித்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். யாரோ கழித்துவிட்ட பழைய ரஷ்யக் கேமரா ஒன்று கைக்கு வந்தது. அதில் வெளிச்சம் காட்டும் முள் வேலை செய்யாது. கண்ணால் பார்த்து, இவ்வளவு வெளிச்சத்துக்கு இவ்வளவு என்று மனசுக்குள் முடிவு செய்துதான் எடுக்க வேண்டும். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஸ்டுடியோ வைத்திருந்தவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் இருட்டறையை எனக்குத் திறந்துவிட்டார். மற்றதெல்லாம் பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஆங்கிலப் பத்திரிகைகளைப் புரட்டி நானாகக் கற்றது. அரைகுறையாகக் கற்றவனுக்கு வரும் திமிர் எனக்கும் குறைவில்லாமல் வந்திருந்தது.

அந்தப் பத்திரிகைகளில் என்னை மயக்கியது நிழலுருவப் படம். ஆளைச் சூரியனுக்கு முன்னால் நிறுத்தி, வானத்தின் வெளிச்சத்துக்கு மட்டும் பார்த்து எடுத்தால் வானம் தகதகவென்று வரும். ஆள் முழுக்கக் கறுப்பாகி ஓரக்கோடு மட்டும் நிற்கும். கல்யாணப் படம் எடுக்கிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக நடந்துகொண்டிருந்த நேரம். நிலைமை தெரிந்தும் ஒரு சனிக்கிழமை கேமராவோடு வெள்ளிமலைக்கு பஸ் ஏறினேன். மறுநாள் இறங்கலாம் என்றால், கீழே சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, ஜீப்பும் இல்லை. திருதிருவென்று நின்ற என்னைப் பார்த்து, சாமை அறுக்கப் போய்க்கொண்டிருந்த ஒருவர் நின்றார்.

"இன்னா சார், பஸ்ஸுக்கா நிக்கிறீங்க? அது இப்பத்திக்கு வராதுங்க. நம்ம வூட்டுக்கு வாங்க."

நான்கு நாள் அவர் வீட்டில் இருந்தேன். கீழே, ஒருவன் முகத்தைப் பார்த்ததுமே இவன் எந்தப் பக்கத்து ஆள் என்று எடை போட்ட நாட்கள் அவை. இவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர் மனைவிக்கு என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். இடுப்பில் பத்து மாதப் பெண் குழந்தையை வைத்துக்கொண்டே, வேளை தவறாமல் எனக்குச் சாமைச் சோறு போட்டார்.

மூன்றாம் நாள் அவராகவே கேட்டார். "சார், என்னை ஒரு போட்டோ புடிச்சிக் குடுப்பீங்களா? கண்ணாலத்துக்குக்கூட எடுத்துக்கினது இல்ல."

ரோலில் ஒரே ஒரு படம் மிச்சம் இருந்தது. சாயங்காலம் எடுக்கலாம் என்றேன். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, முகத்துக்குப் பவுடர் போட்டு, பெட்டியிலிருந்த புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். நான் சொல்லாமலே சூரியனைப் பார்த்து நின்றார். மஞ்சள் வெயில் முகம் முழுக்க விழுந்தது. ஸ்டுடியோக்காரராக இருந்தால் அந்த நொடியே எடுத்து முடித்திருப்பார். நான் கெட்டிக்காரன் அல்லவா?

"அந்தப் பக்கம் போய் நில்லுங்கக்கா. வெயில் முதுகுல படட்டும்," என்றேன். தலையில் சாமைக் கதிர்க்கட்டு ஒன்றையும் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"மூஞ்சி இருட்டா வுழாதா சார்?"

"அதெல்லாம் டெக்னிக்கு. உங்களுக்குத் தெரியாதுக்கா."

அவர் நம்பினார். கதிர்க்கட்டைச் சுமந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் ஓரக்கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் அபாரமாக வந்தது. போட்டி ஒன்றில் ஆறுதல் பரிசும் கிடைத்தது. அவருக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்று அடிக்கடி நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அடுத்த பங்குனியில் அவர் கணவர் என் அலுவலகத்துக்குத் தேடி வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"காமாலைல போய்ட்டா சார். ஒரு மாசம் ஆச்சு. பொணத்தையாச்சும் போட்டோ புடிக்கலாம்னு பார்த்தா ஆளு கெடைக்கல. அன்னிக்கு நீங்க எடுத்தீங்களே, அதைக் குடுங்க. பாப்பா பெருசாச்சின்னா அம்மா மூஞ்சி தெரியணும்."

அவரை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு, நெகட்டிவை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடினேன். நெகட்டிவில் ஒன்றுமே பதியாத இடம்தான் படத்தில் கறுப்பாகும். அவர் முகம் இருக்க வேண்டிய இடம் வெறும் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. வெளிச்சத்தைக் குறைத்துக் குறைத்துப் பிரதி எடுத்தேன். கறுப்பு சாம்பல் நிறமாயிற்று. மூக்கில்லை, வாயில்லை.

ஸ்டுடியோக்காரர் என் தோளைத் தொட்டார். "இன்னா பண்ணாலும் வராதுப்பா. வுழுந்திருந்தாத்தானே வரும்? வேணும்னா நான் தூரிகையால மூஞ்சி வரைஞ்சி தரேன். எத்தனையோ பேருக்கு அப்டித்தான் குடுத்துக்கினு இருக்கேன். கண்ணு எப்டி இருக்கும், சொல்லு."

என்னால் சொல்ல முடியவில்லை. நான்கு நாள் அந்த அக்கா கையால் சாப்பிட்டிருக்கிறேன். கேமரா வைத்திருந்ததால் எனக்குப் பார்க்கத் தெரியும் என்று நம்பியிருந்தேன். கண் பெரிதா சிறிதா, புருவம் எப்படி, எதுவும் நினைவில்லை. அவ்வளவு வெட்கம் அதற்கு முன் நான் பட்டதில்லை.

கணவரையே கூட்டி வந்து கேட்டோம். அவர் வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது. வேறு வழியில்லாமல், இருந்த படத்தையே அவரிடம் கொடுத்தேன்.

வாசலுக்கு எடுத்துப் போய் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். விரலால் கறுப்பை ஒரு முறை துடைத்தும் பார்த்தார்.

"எனக்குத் தெரியுது சார். நிக்கிறதைப் பார்த்தாலே அவதான். பாப்பாவுக்குத் தெரியாது."

துண்டின் நுனியால் படத்திலிருந்த விரல் தடத்தை ஒற்றியெடுத்துவிட்டு என்னிடம் நீட்டினார். அவர் குரலில் கோபம் இருக்குமா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"இது உங்க படம் சார். நீங்களே வெச்சிக்குங்க."