வேன் சாவியும் மூக்கு மருந்தும்

எனக்குக் கோபம் வருவது வியாதி அல்ல. சின்ன வயதிலிருந்தே நான் இப்படித்தான். ஆனால் போன வருடம் மூளையில் இரத்தம் கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்த பிறகு வீட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி கிடைத்துவிட்டது. இப்போதெல்லாம் நான் கத்தினால் நான் கத்துவதில்லை, மூளை கத்துகிறது.

நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். கட்டுகஸ்தோட்டையில் பிள்ளைகளை ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுபோய்விட்டு, பின்னேரம் திரும்பக் கூட்டிவருவேன். கொஞ்ச காலம் வலது கை மரத்துக் கிடந்தது, பிறகு சரியாகிவிட்டது. பரிசோதித்துப் பார்த்த கிளினிக் டொக்டர் இனி ஓட்டலாம் என்றார். என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. வேன் சாவியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, அலுமாரிச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். முதலில் மனசு சரியாகட்டும் என்றாள். அந்த அலுமாரி உளுத்துப்போனது, ஒரு உதை போதும். ஆனால் உதைத்தால் என்ன சொல்வார்கள்? மூளை கெட்டவன் உடைத்துவிட்டான் என்பார்கள். உதைக்காமல் இருந்தேன்.

மனசைச் சரியாக்கும் வேலையை அவள் தம்பி எடுத்துக்கொண்டான். கனடாவில் இருக்கிறான், ஏ.சி. திருத்துகிறவன். இன்டர்நெட்டில் எதையோ வாசித்துவிட்டு, ஊருக்கு வந்த ஒருவரிடம் சின்னக் கண்ணாடிக் குப்பிகளைக் கொடுத்தனுப்பினான். உள்ளே வெள்ளைத் தூள். பெப்டைட் என்று பெயராம், புரதத்தின் ஒரு துண்டாம். தண்ணீரில் கரைத்து மூக்குக்குள் அடித்தால் மனசு லேசாகுமாம், மூளைக்கும் காவலாம். ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்கு அல்ல என்று குப்பியிலேயே அச்சடித்திருந்தது. அதைப் போனில் கேட்டேன். சட்டத்துக்காக அப்படிப் போடுகிறார்கள், எலிகளுக்கு நன்றாக வேலை செய்திருக்கிறது என்றான்.

"மனசு லேசாயிருச்சுன்னு எலி வந்து சொல்லுச்சா?"

"பாத்தியாக்கா, இந்தக் கோவத்துக்குத்தான் மருந்தே," என்று அவன் என்னைத் தாண்டி அவளிடம் பேசினான்.

காலையில் நான் கதிரையில் தலையை நிமிர்த்திக்கொண்டு உட்கார வேண்டும். அவள் செபம் சொல்லிக்கொண்டு மூக்கில் அடிப்பாள். ஃபிரிட்ஜ் கதவில் சம்பல் போத்தலுக்குப் பக்கத்தில் மருந்து நின்றது. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் தம்பியின் வீடியோ கோல். போனை என் மூஞ்சிக்கு நேரே பிடிப்பாள். நான் சிரித்தால் மருந்து வேலை செய்கிறது. கத்தினால் அளவு போதாது. பேசாமல் இருந்தால் மனச்சோர்வு, இன்னும் ஒரு குப்பி வேண்டும். என் மூஞ்சியை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்கே தெரியாமல் போயிற்று.

பிறகு மூக்கு வீங்கியது. உள்ளே புண், ஒரு பக்கத் தலையெல்லாம் இடி. கண்டி டவுனில் மூக்கு டொக்டரிடம் போனோம். முஸ்லிம் அம்மா ஒருவர், நறுக்கென்று பேசுகிறவர். எந்தத் தண்ணீரில் கரைத்தீர்கள் என்று கேட்டார். ஊசிமருந்து கரைக்கும் சுத்தத் தண்ணீரை ஃபார்மசியில் வாங்கும்படிதான் தம்பி சொல்லியிருந்தான். என் மனைவி சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, மாதா கோயிலில் மந்திரித்த தீர்த்தத்தில் என்றாள். அதைவிடச் சுத்தமான தண்ணீர் எங்கே இருக்கிறது என்று டொக்டரையே திருப்பிக் கேட்டாள்.

டொக்டர் பேனாவை மூடி வைத்தார். "தண்ணிய நெத்தியில பூசுங்க, மூக்குக்குள்ள ஊத்தாதீங்க. இந்தத் தூள் மனிசருக்கு மருந்தெண்டு இன்னும் ஒருத்தரும் முடிவா சொல்லல்ல. அதையும் நிப்பாட்டுங்க."

எனக்கு வழி திறந்துவிட்டது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் சாவியைக் கேட்டேன். அதற்குள் தம்பிக்குப் போன் போயிருந்தது. தீர்த்தத்தில் கரைத்ததால் முழு மருந்தும் வீண், முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று அவன் குதித்தான். அவள் அழவில்லை. "அப்ப இவரு இவ்வளவு தூரம் தேறினது தீர்த்தத்தாலதானே," என்றாள். ஆஸ்பத்திரிக் குளிசையாலும் நான் நடந்த நடையாலும் தேறினேன் என்றேன். இரண்டு பேரும் கேட்ட மாதிரியே இல்லை.

எங்கள் செபக்குழுவில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காக ஒன்பது நாள் செபம், அதாவது நவநாள், வைத்தார்களோ, அவர் சுகமானதும் எல்லோர் முன்னும் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். எனக்காகவும் வைத்திருந்தார்கள். என் வேனில் வரும் பிள்ளைகளின் தாய்மார் பாதிப்பேர் அந்தக் குழுவில்தான். நான் சாட்சி சொல்லாதவரை அவர்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள் என்று மனைவி சொன்னாள். அது பொய்யில்லை. கோயில் வாயிலில் நின்று அந்தத் தாய்மாரில் இரண்டு பேரிடம் நானே கேட்டேன். "சாட்சி சொல்லுங்களேன் அண்ணே, பாப்போம்," என்றார்கள்.

சொன்னேன். எழுந்து நின்று, மாதா என் மூளையைத் தொட்டார், என் கோபத்தை எடுத்துவிட்டார் என்றேன். சொல்லும்போதே எனக்குக் கோபம் தலைக்கேறிக்கொண்டிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மனைவி கண்ணைத் துடைத்தாள். அவள் நடிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். வீட்டுக்கு வந்ததும் சங்கிலியைக் கழற்றி அலுமாரியைத் திறந்து சாவியைக் கையில் தந்தாள்.

இப்போது வேன் ஓடுகிறது. நேற்றுக் காலை கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஒரு பிரைவெட் பஸ்காரன் வேனின் பக்கக் கண்ணாடியை உரசிக்கொண்டு பஸ்ஸைக் குறுக்கே விட்டான். முன்பென்றால் இறங்கிப் போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன். பின்சீட்டில் சத்தம் நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். பிள்ளைகள் எல்லோரும் என் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தால் இரவுச் சாப்பாட்டுக்கு முன் எல்லா வீட்டுக்கும் செய்தி போய்விடும். சாவி திரும்ப அலுமாரிக்குள் போய்விடும்.

தம்பி புதிதாக அனுப்பிய குப்பிகள் ஃபிரிட்ஜ் கதவில் நிற்கின்றன. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவள் எறியவில்லை.

பஸ்காரனுக்குக் கையைக் காட்டி வழி விட்டேன். பல்லைக் கடித்தபடி பாலத்தைக் கடந்தேன்.