அம்மா முகம் காட்டாத வருடம்

பிள்ளைகளே, ஈறில் ரத்தம் வந்தால் உடனே சொல்லுங்கள் என்று நான் நச்சரிப்பது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது. அதனால் இதை எழுதி வைக்கிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிப் போய் இரண்டு வருடம் இருக்கும். உப்பளம் என்ற பேட்டையில் குடியிருந்தோம். அப்பா மில்லுக்குப் போய்விட்டால் வீட்டில் அம்மாவும் நானும்தான். எனக்கு எட்டு வயது. ஒரு நாள் தலை வாரிவிட அம்மா என் முகத்துக்கு நேராகக் குனிந்தபோது, மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். விளையாட்டாகத்தான். மத்தியானத்துக்குள் மறந்தும் போயிற்று.

அதன் பிறகு அம்மா என் முதுகுப் பக்கம் நின்றுதான் தலை வாரினாள். சோறு போட்டுவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். படுத்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாயைத் திறந்தால் முந்தானையும் கூடவே வந்துவிடும். "உங்கம்மா என்னடா புதுப்பொண்ணா, மூடிக்கினு பேசறா?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேலி செய்வாள். நான் என்ன தப்புச் செய்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். சிலேட்டை உடைத்ததா, சர்க்கரையைத் தின்றதா? அம்மாவைச் சமாதானப்படுத்தத் தண்ணீர் தூக்கினேன், விறகு அடுக்கினேன். "சரி, போய் வெளையாடு" என்பாள், வேறெங்கோ பார்த்து. விளையாடவா நான் வந்தேன்?

ஒரு வருடம் கழித்து அம்மாவுக்குக் கன்னம் வீங்கியது. அப்பா எங்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னதும் அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தினார். பேச்சு மட்டும் கேட்டது.

"ரத்தம் வர்ற எடத்தத் தேய்க்கறதயே வுட்டுட்டியாம்மா?"

"புண்ணு மேல எப்பிடிங்க கை வைக்கறது? ஆறட்டும்னு வுட்டுட்டேன்."

தேய்க்காத இடத்தில்தான் அழுக்குத் தங்கும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அது கல்லாக இறுகினால் காரை. காரை சேரச் சேர ஈறு சிவந்து வீங்கும். அந்த மட்டில் சுத்தம் செய்தால் சரியாகிவிடுமாம். விட்டால் ஈறு பல்லை விட்டு விலகி நடுவே பை விழும். பையில் சீழ் பிடிக்கும், நாறும். அடியில் எலும்பு கரைந்து பல் ஆடும். அம்மாவுக்கு நான்கு பல் ஆடிவிட்டது, எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார்.

காரை, வீக்கம், பை, சீழ் என்று நான் பள்ளிப் பாடம் போல மனப்பாடம் செய்தேன். எதையும் அம்மாவோடு சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

பல் எடுத்துப் பத்து நாளில் வீக்கம் வடிந்தது. ஒரு சாயந்திரம் அம்மா அடுப்பங்கரையில் உட்கார்ந்து உள்ளங்கையில் ஊதினாள். அதை மூக்கருகில் வைத்துப் பார்த்தாள். பிறகு முந்தானை இல்லாமல் என் பக்கம் திரும்பினாள்.

"கிட்ட வாப்பா."

ஒரு வருடமாக ஒதுக்கி வைத்தவள் இப்போது வேலை ஏவத்தான் கூப்பிடுகிறாள் என்று எனக்கு வீம்பு. "படிக்கணும்" என்று சொல்லிவிட்டு வாசற்படிக்கு நகர்ந்தேன்.

திரும்பிப் பார்த்தபோது அம்மா மறுபடியும் உள்ளங்கையில் ஊதி முகர்ந்துகொண்டிருந்தாள். எதற்கென்று எனக்குப் புரியவில்லை.