கைகளை மறைத்த கல்யாண மண்டபம்

கயலுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. உத்தமபாளையத்தில் ஆற்றோரம் எங்கள் வீட்டை ஒட்டியது அவள் வீடு. புருஷன் பேச்சிமுத்துவுக்கும் காது கேட்காது. குமுளியில் டைல்ஸ் ஒட்டும் வேலை, வாரம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். கயல் ஜாக்கெட் தைத்தாள், வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு ஆடு வளர்த்தாள். அவளை அமைதியான பெண் என்று சொல்கிறவர்கள் அவள் கைகளைப் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் அதிகம் சண்டை போடுகிறவளே அவள்தான். பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தக் கைப்பேச்சு வந்துவிட்டது.

சாயங்காலம் ஆனால் தையலை நிறுத்திவிட்டு அரசாங்க டிவியில் செய்தி பார்ப்பாள். திரையின் கீழ் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் ஒரு அம்மா நின்று, செய்தி முழுவதையும் கையால் சொல்வார். மற்ற சேனல்களில் நாலு பேர் உட்கார்ந்து கத்துகிறார்கள். கயலுக்கு அது நாலு வாய், அவ்வளவுதான். போனில் கைச்செய்தி வருகிறது என்றார்கள். ஆற்றோரத்தில் சிக்னல் சரியாகக் கிடைக்காமல் படம் நின்று நின்றுதான் ஓடும். வாய்ப்பேச்சு பாதியில் அறுந்தால் மிச்சத்தை ஊகிக்கலாம். கை அந்தரத்தில் நின்றுவிட்டால் அதற்கு என்ன அர்த்தம்?

ஐப்பசியில் கேபிள்கார நாகராஜ் எல்லாச் சேனலுக்கும் கீழே ஒரு விளம்பரப் பட்டையை ஓட்டினான். கல்யாண மண்டபம், ஏசி, கார் நிறுத்த இடம். கைச்செய்தியில் அந்தப் பட்டை அம்மாவின் தோளுக்குக் கீழே எல்லாவற்றையும் மூடிவிட்டது. முகம் தெரிந்தது, கைகள் தெரியவில்லை. கீழே ஓடுகிற எழுத்தும் போயிற்று. கயல் என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். நான் நாகராஜுக்குப் போன் செய்தேன். "பாக்குறேன்க்கா" என்று வைத்துவிட்டான். பார்க்கவில்லை.

அந்த வாரம்தான் மழை வலுத்தது. நான் குச்சனூரில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். சாயங்காலச் செய்தியில் அணையைக் காட்டினார்களாம். எங்கள் பக்கத்தில் டிவியில் அணை வந்தால் யாரும் பதறமாட்டோம். கேஸ், கமிட்டி, இரண்டு மாநிலத்துச் சண்டை என்று வருஷம் முழுக்க அதே படம்தான். கயலும் அப்படியே நினைத்துவிட்டாள். அன்று பட்டைக்குப் பின்னால் அந்தக் கைகள் சொன்னது வேறு: ஆற்றில் வெள்ளம் வருகிறது, கரையில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போய்விடுங்கள்.

ஆட்டோவில் மைக் கட்டியும் சொன்னார்கள். யாருக்கு மைக்? ராத்திரி தெருவே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியபோது கயல் வீட்டுக் கதவைத் தட்டினார்களாம். தட்டினார்களாம்!

காலில் தண்ணீர் பட்டுத்தான் அவள் விழித்தாள். பின்னால் பள்ளத்தில் இருந்த கொட்டகையில் ஆடுகள் கட்டிய கயிற்றோடு செத்துக் கிடந்தன. கத்தியிருக்கும்.

தண்ணீர் வடிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு நாகராஜின் ஆபீசுக்குப் போனாள். அவன் கூட்டாளிகள் சங்கிலியும் திலீபனும் பெரிய டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குத் தனி இணைப்பு, பட்டை கிடையாது. ஊருக்குப் போகிற படத்தைச் சரிபார்க்க மேஜையில் ஒரு சின்ன டிவி இருந்தது. அதில்தான் மண்டபம் ஓடியது.

நாகராஜ் என்னைப் பார்த்தே பேசினான். "இதுக்கா வந்தீக? அரசாங்க டிவிய இப்ப எவன்க்கா பாக்குறான்?"

"இவ பாக்குறா."

"போன்ல பாக்கச் சொல்லுங்க. ஒரு ஆளுக்காக வெளம்பரத்த எடுத்தா மண்டபத்துக்காரவுக என்னயச் சும்மா விடுவாகளா?"

அதைக் கையால் சொன்னேன். கயல் நேரே போய்ப் பெரிய டிவியில் ஸ்கோர் தெரிகிற இடத்தில் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"ஏலே, ஸ்கோரு தெரியலடா!" என்று சங்கிலி கத்தினான். "ஏத்தா, கைய எடு! ஒனக்குக் காது கேக்கலன்னா எங்களுக்குக் கண்ணு அவியணுமா?"

"ஆட்டம் தெரியுதுல்ல, பாருங்க. ஸ்கோரப் போன்ல பாத்துக்கங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

திரையில் எல்லோரும் ஓடினார்கள். "அவுட்டா? எத்தன ரன்னு வேணும்?" என்று திலீபன் எழுந்துவிட்டான். கயல் நகரவில்லை. மறு கையால் சின்ன டிவியைக் காட்டினாள்.

"எலே நாகராஜு, அந்த எழவ எடுத்துத் தொலடா!" என்றான் திலீபன்.

அவன் கம்ப்யூட்டரில் என்னவோ தட்டினான். சின்ன டிவியில் பட்டை மறைந்தது. அரசாங்க சேனலை வைக்கச் சொன்னாள் கயல். வாழைக்கு மண் அணைப்பதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கீழ் மூலைவரை முழுதாகத் தெரிந்தது. அப்புறம்தான் கையை எடுத்தாள்.

"எடுத்தாச்சு. ஆனா எத்தன நாளைக்கு?" என்றான் நாகராஜ். "அந்தச் சேனலே கேபிள விட்டுட்டுப் போனுக்குப் போயிரும்னு பேசிக்கிறாக."

நான் கையால் சொன்னேன். கயல் என் தோளைப் பிடித்து உலுக்கி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"யாரக் கேட்டுன்னு கேக்குறா" என்றேன்.

கயல் திலீபனின் நாற்காலியை இழுத்து அந்தச் சின்ன டிவிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். செய்திக்கு இன்னும் நேரம் இருந்தது.