மாப்ளயின் நாற்பத்தெட்டு எம்.பி.

என் மனைவியின் தம்பி வண்டியூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ஒருநாள் தன் ஓட்டைக் கம்ப்யூட்டரின் திரையைப் படமெடுத்து அனுப்பினான். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டிருந்தான். மொத்தமே நாற்பத்தெட்டு எம்.பி. மெமரிதான் பிடித்திருந்தது. இந்த விளையாட்டில் எவ்வளவு குறைவோ அவ்வளவு பெருமை. “உங்களுது எம்புட்டு மாமா?” என்று கேள்வி வேறு.

என்னுடையது முந்நூற்றுப் பத்து.

நாகமலை புதுக்கோட்டையில் காலேஜ் பிள்ளைகளுக்கு ஜெராக்ஸ், பிரிண்ட் போடுகிற கடை என்னுடையது. லினக்ஸ் என்ற பெயரையே அவன் என் வாயிலிருந்துதான் கேட்டான். அவன் கார் வாங்கியபோதுகூட மனதார வாழ்த்தினேன். இந்த நாற்பத்தெட்டுக்கு வயிறு பற்றி எரிந்தது.

சாப்பாட்டை மறந்து, என் கம்ப்யூட்டரில் மெமரி தின்பதையெல்லாம் வெட்டத் தொடங்கினேன். டெஸ்க்டாப் அலங்காரம் மொத்தமும் போயிற்று; வெறும் ஜன்னல்களும் கறுப்புப் பின்னணியும் மிச்சம். புளூடூத் போயிற்று. பின்னால் சும்மா ஓடிக்கொண்டிருந்த ஒவ்வொன்றையும் நிறுத்தினேன். தொண்ணூறு வந்தது. கடைசியாக, தேவைப்படும்போது ஓட்டிக்கொள்ளலாம் என்று, பிரிண்ட் சேவையையும் நிறுத்தினேன். எழுபத்தெட்டு! பூரிப்பில் நிறுத்தியதையே மறந்துபோனேன்.

மறுநாள் காலை ஆராய்ச்சி பண்ணுகிற ஒரு பிள்ளை வந்தது. “அண்ணே, பன்னெண்டு மணிக்குள்ள தீசிஸ் குடுக்கணும். அஞ்சு காப்பி.”

பிரிண்டர் அசையவில்லை. கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன். டோனரைக் கழற்றிக் குலுக்கினேன். பக்கவாட்டில் இரண்டு தட்டும் தட்டினேன். மணி பத்து. பிள்ளையின் கண் கலங்கிவிட்டது. அப்படியும், “அண்ணே, மூக்குல மை” என்றது.

வேறு வழியில்லாமல் அவனுக்கே போன் போட்டேன்.

“மாமா, பிரிண்ட் சர்வீஸ் ஓடுதான்னு பாத்தீங்களா?”

“ஓடாம எங்க போகும்? நான் என்ன அதையும்...”

“நிறுத்திட்டீங்களா! ஜெராக்ஸ் கடைக்காரர் பிரிண்டையே நிறுத்திப்புட்டாரு!” எதிர்முனையில் ஒரே சிரிப்பு.

சேவையை மறுபடி ஓட்டினேன். தாள்கள் வந்தன. பிள்ளை பைண்டிங்கின் சூடு ஆறுமுன்னே பறித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறியது. திரையில் தொண்ணூறு மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. பொறுக்காமல் அவனைத் திரும்பக் கூப்பிட்டேன்.

“சரி மாப்ள, பிரிண்டரையும் வச்சுக்கிட்டு நீ மட்டும் எப்படி நாப்பத்தெட்டுல நிக்கிற?”

“எங்கிட்ட ஏது மாமா பிரிண்டர்? கடையில பாட்டு ஓடுறதுக்குத்தான் அந்தப் பெட்டி.”

நியாயப்படி எனக்கு மனசு ஆறியிருக்க வேண்டும்.

“பாட்டு ஓடும்போதே நாப்பத்தெட்டா, நின்னப்புறமா?” என்று கேட்டேன்.

“ஓடும்போதுதான் மாமா.”

போனை வைத்துவிட்டேன்.