சமரச அறையில் அத்தை கேட்டது

சமரச மையத்தில் வட்ட மேசை போட்டிருந்தார்கள். நீதிமன்றத்தில் எட்ட நின்றே பார்த்துப் பழகிய மனிதரோடு ஒரே மேசையில் உட்காரச் சொன்னது அத்தைக்குப் பிடிக்கவில்லை. நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். எதிரே இருந்தவர் படகுக்காரர். அவருடைய படகில் போன இடத்தில்தான் அத்தையின் மூத்த மகன் கடலோடு போனான்.

அத்தை என் அப்பாவின் தங்கை. இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து சிறுமியாக வந்து, காட்சால் தீவில் ரப்பர் பால் வெட்டியவள். சுனாமி கணவனைக் கொண்டுபோன பிறகு இரண்டு மகன்களோடு தீவுகளின் தலைநகரில் உள்ள பத்துபஸ்திக்கு வந்து சேர்ந்தாள். பெரியவன் பாராடாங் தீவில் டிங்கி என்கிற சின்ன மீன்பிடிப் படகில் வேலைக்குப் போனான். ஒரு மழைக்காலத்தில் அவனும் படகுக்காரரும் மட்டும் கடலுக்குப் போனார்கள். திரும்பியவர் படகுக்காரர் மட்டும்தான். அலை இழுத்துக்கொண்டது என்று போலீசில் சொன்னார்.

இழப்பீட்டு வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. வாய்தாவுக்கு வாய்தா அவருடைய வக்கீல்தான் பேசுவார். படகுக்காரர் வாய் திறந்ததே இல்லை. சின்னவன் மட்டும் "கோர்ட் என்ன சொன்னா என்ன, அவன நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். வெறும் பேச்சில்லை. மீன் வெட்டும் கத்தியோடு அவன் படகுத்துறைப் பக்கம் சுற்றியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். நீதிபதி வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பினார். முதல் அமர்விலேயே சின்னவன் படகுக்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டதால் அடுத்த முறை அவனை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். அவனுக்குப் பதிலாக அத்தைக்குத் துணையாக நான் போனேன்.

மத்தியஸ்தர் ஒரு வங்காளி அம்மா, வக்கீல். இந்த அறையில் பேசுவது இங்கேயே இருக்கும், எந்தக் கோர்ட்டிலும் சாட்சியாகாது என்று இந்தியில் பொறுமையாகச் சொன்னார். இரு தரப்பு வக்கீல்களையும் சற்று நேரம் வெளியே இருக்கச் சொன்னார். பிறகு அத்தையைப் பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்டார்.

அத்தை நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். படகுக்காரரிடம் நேராகத் தமிழில் கேட்டாள்.

"எம்புள்ள கடைசியா என்னா சொன்னான்?"

அவர் ராமநாதபுரத்துக்காரர். பெரிய உடம்பு. அந்தக் கேள்வியில் அது அப்படியே குறுகிப்போனது. "இது வெளிய போகாதுல்ல தாயி?" என்று என்னிடம் கேட்டார். நான் தலையசைத்தேன்.

"விளிம்பப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தான். 'அண்ணே, தூக்குங்கண்ணே'ன்னான். படகு ஒருச்சாஞ்சு தண்ணி ஏறுது. ரெண்டு பேரும் போயிருவோம்னு பயந்துட்டேன். நான்தான்… அவன் வெரல எடுத்துவிட்டேன்."

தமிழ் தெரியாத மத்தியஸ்தர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்து, "க்யா போலா?" என்றார். என்ன சொன்னார் என்று கேட்கிறார். நான் வாயெடுப்பதற்குள் அத்தையின் கை என் தொடையை அழுத்தியது.

"மாஃபி மாங்கா," என்றாள் அத்தை. மன்னிப்புக் கேட்டான் என்று.

அன்றே ஒப்பந்தம் எழுதி முடிந்தது. அத்தை கைநாட்டு வைத்தாள். மத்தியஸ்தர் கண் கலங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே சின்னவன் எழுந்து நின்றான். "என்னம்மா சொன்னான்?"

"அண்ணன அலை இழுத்திருச்சாம்டா. இவரு குதிச்சுப் பாத்தாராம். ஏலாமப் போச்சாம்."

அவன் அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதான். நான் அத்தையைப் பார்த்தேன். ஒரு மகனைக் கடலுக்குக் கொடுத்தாயிற்று, இன்னொருவனைச் சிறைக்கு அனுப்ப முடியாது என்று அவள் முடிவு செய்திருந்தாள். அதை யோசிக்க அவள் எடுத்துக்கொண்ட நேரம் ஒரு மூச்சுக்கு மேல் இல்லை.

ஆனால் அந்தப் பொய் அதோடு நிற்கவில்லை. அண்ணனுக்காகக் கடலில் குதித்த மனிதர் என்று சின்னவன் அவரைப் போய்ப் பார்த்தான். பிறகு அவருடைய படகிலேயே வேலைக்குச் சேர்ந்தான். வேண்டாம் என்று தடுக்க, வெளியே சொல்லக்கூடிய காரணம் எதுவும் அத்தையிடம் இல்லை. அவன் கடலுக்குப் போன நாள்களில் அவளுக்குச் சோறு இறங்காது. நான் போனாலும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன மழைக்காலத்தில் படகுக்காரர் மாரடைப்பில் இறந்தார். மெயின்லாந்தில் இருக்கும் மகள்களுக்கு ஃப்ளைட் கிடைக்கவில்லை. சின்னவன்தான் கொள்ளி வைத்தான். நான் எழுதும் இதை அவன் படிக்கப்போவதில்லை. இங்கே இந்தியில் படித்து வளர்ந்தவன், தமிழ் எழுத்து தெரியாது.

அன்று மாலை அவன் மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக வந்து வாசலில் நின்றான். அத்தை கொல்லையில் வெந்நீர் விளாவி வைத்திருந்தாள். அவனை ஏறிட்டுப் பார்க்காமல் சொன்னாள்.

"குளிச்சிட்டு வாடா. சோறு ஆறுது."